100 மில்லியில் 2 கிராம் ரோடியம்: நகைப் பட்டறைக்கான சல்பேட் கரைசல் எப்படி?

வெள்ளைத் தங்கம், வைர நகை, வெள்ளி மோதிரம் எதுவானாலும் கடைசியில் கிடைக்கும் அந்தப் பளிச்சென்ற வெள்ளைக்கு மேலே பூசும் ரோடியம் என்ற உலோகம்தான் காரணம். கோவை, சென்னை, திருச்சூர் பட்டறைகளில் இதைப் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் வாங்குகிறார்கள்: 100 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே கந்தக அமிலத்தில் கரைந்த ரோடியம் சல்பேட், லேபிளில் '2 கிராம் ரோடியம்'. அதை 900 மி.லி. டிஐ வாட்டரில் (உப்புகள் நீக்கிய தூய நீர்) கலந்தால், நகையை முக்கி மின்சாரத்தால் பூச்சுப் போடும் ஒரு லிட்டர் தொட்டி தயார். இங்கே பேசப்போவது அந்தப் பாட்டிலைப் பற்றி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சின்ன, நடுத்தரப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான ரோடியம் உப்பு கிடையாது. கலப்பது எளிது, நிறம் நன்றாக வருகிறது, கவனமாக வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால் பாட்டில் விலையைப் பார்த்து வாங்குபவர் கட்டாயம் ஏமாறுவார். நீங்கள் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் உலோகத்துக்கு. தங்கத்தை எப்படி எடை போட்டு, தரம் பார்த்து வாங்குகிறோமோ அதே கண்டிப்போடு வாங்க வேண்டும், அதே கண்டிப்போடு கழுவுநீர்வரை கணக்கு வைக்க வேண்டும்.

சல்பேட்டா, பாஸ்பேட்டா, குளோரைடா

ரோடியம் கரைசல் சல்பேட்டாகவும் வரும், பாஸ்பேட்டாகவும் வரும், இரண்டும் கலந்தும் வரும். பாஸ்பேட் கரைசல் சற்றுக் கூடுதல் வெண்மை தரும். ஈயப்பற்று வைத்த மலிவு உலோகத்தை அது குறைவாக அரிக்கும் என்பதால் ஃபேஷன் நகைக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் நிலைப்புத்தன்மை குறைவு. தங்க, வெள்ளி நகை வேலைக்கு சல்பேட்டே போதும்.

குளோரைடு வேறு கதை. ரோடியம் டிரைகுளோரைடு ஹைட்ரேட் என்பது கருஞ்சிவப்புத் தூள். எடையில் 38 முதல் 40 சதவீதம் ரோடியம், மீதி குளோரினும் நீரும். வினையூக்கி செய்யும் ஆய்வகங்களுக்கான மூலப்பொருள் அது. கிராம் கணக்கில் மலிவாகத் தெரிகிறதே என்று அதை வாங்கி அமிலத்தில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. வேண்டாம். குளோரைடு இருக்கும் தொட்டியில் வெள்ளி நகை இறங்கினால் வெள்ளி குளோரைடு படிந்து, பூச்சு மங்கும், உரியும். குளோரைடிலிருந்து சல்பேட் செய்ய வேண்டுமானால் காரம் சேர்த்து ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, குளோரைடு நீங்கும்வரை கழுவி, ஈரம் காயும் முன்னே கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். காய்ந்த ஹைட்ராக்சைடு எளிதில் கரையாது. ஹைட்ரேட்டை அதிகம் சூடாக்கி நீர் முழுவதையும் விரட்டிவிட்டாலோ, வரும் நீரற்ற குளோரைடு தண்ணீரில் மட்டுமல்ல, ராஜதிராவகத்திலும் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரையாது. அந்த நிலைக்குப் போன தூளைச் சுத்திகரிப்பு ஆலைதான் மீட்க முடியும்.

பாட்டிலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

சந்தையில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். 2 கிராம் என்று எழுதியிருக்கும், ஒன்றரைகூட இருக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கரைசலின் செம்பழுப்பு அடர்த்தி, உப்பு தயாரான விதத்தைப் பொறுத்தும் மாறும். பாட்டிலை எடை போட்டுப் பார்ப்பதிலும் பலனில்லை, ஏனென்றால் கரைசலின் கனத்தில் பெரும்பங்கு கந்தக அமிலத்துடையது. கொஞ்சம் அமிலம் கூட்டினால் ரோடியம் குறைந்தது தெரியவே தெரியாது.

நல்ல விற்பனையாளர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பேட்ச் எண் போட்டு, அந்தப் பேட்ச்சுக்கான பகுப்பாய்வுச் சான்றும் தருவார். அதில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் ரோடியம், செம்பு, இரும்பு, நிக்கல் எத்தனை மில்லிகிராம், எந்த முறையில் அளந்தது என்று இருக்க வேண்டும். ஐசிபி (கரைசலில் உள்ள உலோகத்தைத் துல்லியமாக அளக்கும் ஆய்வக முறை) என்று போட்டிருந்தால் நம்பலாம். 'தூய்மை 99.9%' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது பகுப்பாய்வுச் சான்றே இல்லை. மூல உலோகத்தின் தூய்மை வேறு, கரைசலில் எவ்வளவு உலோகம் என்பது வேறு.

மாதத்துக்குப் பல பாட்டில் செலவாகும் இடம் என்றால், ஒரு பாட்டிலிலிருந்து 5 மி.லி. எடுத்து ஐசிபி வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கட்டணம் முதல் குறைபாட்டைப் பிடித்தாலே திரும்பிவிடும்.

பூச்சில் உண்மையாகவே ரோடியம்தான் இருக்கிறதா, பல்லேடியமோ ருத்தீனியமோ கலந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தை இனம்காணும் ஹால்மார்க் மையத்து எக்ஸ்ஆர்எஃப் கருவியிலேயே பார்க்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சில எக்ஸ்ஆர்எஃப் கருவிகளின் எக்ஸ்ரே குழாய்க்குள்ளேயே ரோடியம்தான் இலக்கு உலோகம். அப்படிப்பட்ட கருவியில் எதை வைத்தாலும் 20.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் ரோடியம் கோடு தெரியும், நகையில் துளி ரோடியம் இல்லாவிட்டாலும் தெரியும். ஆகவே ஒரே வெள்ளித் தகட்டை இரண்டாக வெட்டி, ஒன்றில் பூச்சுப் போட்டு, மற்றதை வெறுமையாக விட்டு, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் உங்கள் பூச்சு. டங்ஸ்டன் குழாய் உள்ள கருவியில் இந்தத் தொல்லை இல்லை.

விலைக் கணக்கு

ரோடியம் விலை டிராய் அவுன்ஸ் கணக்கில் டாலரில் வரும். அவுன்ஸ் விலையை 31.1-ஆல் வகுத்தால் ஒரு கிராம். அதை 2-ஆல் பெருக்கி, அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கினால் பாட்டிலுக்குள் இருக்கும் உலோகத்தின் விலை கிடைக்கும். அதற்கு மேல் கேட்பது செய்கூலி, வரி, லாபம். பாட்டில் விலை உலோக விலைக்குக் கீழே இருந்தால் யாரும் தர்மத்துக்கு விற்கவில்லை, உள்ளே உலோகம் குறைவு. இதைவிட எளிய சோதனை வேறில்லை. வாங்கப் போகும் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.

விலை ஆடும் ஆட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2008-ல் அவுன்ஸ் 10,000 டாலரைத் தொட்டு, அதே வருடக் கடைசியில் சுமார் 1,000-க்கு விழுந்தது. 2016-ல் 700 டாலருக்கும் கீழே கிடந்தது. 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தாண்டியது, அதாவது கிராம் 930 டாலருக்கு மேல். 2023 நடுவில் 5,000-க்குக் கீழே வந்து, 2025-ல் மறுபடி ஏறியது. ஒரு வருடத்துக்கான கரைசலை மொத்தமாக வாங்கி அடுக்குவது, எங்கள் பார்வையில், பட்டறை நடத்துவதில் சேராது, அது சூதாட்டம். இரண்டு மாதத் தேவை கையிருப்பில் இருந்தால் போதும். வாடிக்கையாளருக்கு ரோடியம் கூலியை நிரந்தரமாக ஒரே தொகையாக எழுதி வைக்காமல், உலோக விலையோடு சேர்ந்து மாறும் என்று பில்லிலேயே போட்டுவிடுங்கள்.

இவ்வளவு ஆட்டம் ஏன் என்றால், ரோடியத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகில் எங்கும் இல்லை. பிளாட்டினமும் பல்லேடியமும் எடுக்கும்போது கூட வருவதுதான். சுரங்க உற்பத்தியில் சுமார் 80 சதவீதம் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத் தொகுதியிலிருந்து, அதிலும் யுஜி2 என்ற அடுக்கிலிருந்து வருகிறது. மீதி ரஷ்யாவின் நோரில்ஸ்க், ஜிம்பாப்வேயின் கிரேட் டைக், கனடா. மொத்தமே ஆண்டுக்கு 20 டன்னை ஒட்டித்தான். தங்கம் ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். விலை ஏறியது என்பதற்காக யாரும் ரோடியத்தை மட்டும் கூடுதலாகத் தோண்ட முடியாது. சுத்திகரிப்பு வரிசையிலும் இது கடைசியாக வெளிவரும் உலோகங்களில் ஒன்று, ஆகவே தாது வெட்டியதிலிருந்து மாதக்கணக்கில் ஆகும். 2020 பிப்ரவரியில் ஆங்கிலோ அமெரிக்கன் பிளாட்டினம் நிறுவனத்தின் உருக்காலைப் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு உற்பத்தி நின்றபோது, சந்தை எப்படித் துள்ளியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தேவைப் பக்கம் நகைக்கு எந்தப் பிடியும் இல்லை. ரோடியத்தில் மிகப் பெரும்பங்கு காரின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக்குப் போகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்ததும், சீனாவிலும் விதிகள் இறுகியதும் அந்தத் தேவையை ஏற்றின. பட்டறை வாங்கும் 2 கிராம், கார் நிறுவனங்கள் வாங்கிய பின் மிஞ்சியதிலிருந்து வருவது.

இந்தியாவில் ரோடியம் வெட்டியெடுப்பதில்லை. நவி மும்பையின் ஹிந்துஸ்தான் பிளாட்டினம், உதய்ப்பூரின் ரவீந்திர ஹெரேயஸ் போன்றவை பிளாட்டினக் குழு உலோகங்களைக் கையாளும் நிறுவனங்கள். வெளிநாட்டுக் கரைசல்களும் இறக்குமதியாளர் வழியே கிடைக்கின்றன. யாரிடம் வாங்கினாலும் சரி, தீர்ந்த தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். எடுத்துக்கொள்பவருக்கே முதலிடம்.

கரைசல் கந்தக அமிலம் உள்ளது, போக்குவரத்து விதிப்படி 8-ஆம் வகுப்பு அரிப்புப் பொருள். சாதாரணக் கூரியரில் 'பாலிஷ் திரவம்' என்று எழுதி அனுப்புவதும், விமானப் பையில் போட்டு எடுத்து வருவதும் சட்டவிரோதம், ஆபத்தும்கூட. எம்எஸ்டிஎஸ் எனும் பாதுகாப்புத் தகவல் தாளோடு, கசியாத இரட்டை உறையில் வந்த பாட்டிலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் சீல் உடைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தொட்டி கலப்பது

பாத்திரம் போரோசிலிகேட் கண்ணாடி அல்லது பாலிபுரோப்பிலின். எவர்சில்வர் கூடாது, கரண்டிகூடக் கூடாது. முதலில் 900 மி.லி. டிஐ வாட்டர், அதில் மெதுவாகக் கரைசல். சில தயாரிப்புகளுக்குத் தனியாகக் கந்தக அமிலம் சேர்க்கச் சொல்வார்கள், பொதுவாக லிட்டருக்கு 20 முதல் 50 மி.லி. வரை. அதையும் தண்ணீருக்குள்தான் விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் வேண்டாம். அவற்றின் குளோரைடும் இரும்பும் தொட்டியை முதல் நாளே கெடுக்கும். பேட்டரிக்கு விற்கும் தண்ணீரில்கூடத் தரம் சமமில்லை, கடத்துதிறன் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது.

ஆனோடு, அதாவது நேர்மின் முனை, பிளாட்டினம் பூசிய டைட்டேனியம் வலை. பரப்பு, நகையின் பரப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அந்தப் பிளாட்டினம் தேய்ந்து டைட்டேனியம் வெளியே தெரிந்தால் அது மேலே ஆக்சைடு போர்த்திக்கொண்டு மின்சாரத்தை விடாது. வழக்கமான வேலைக்கு வழக்கத்தைவிட அதிக வோல்ட் கேட்கிறது, ஆம்பியர் ஏறவில்லை என்றால் கரைசலைத் திட்டுவதற்கு முன் ஆனோடைப் பாருங்கள். காசு மிச்சம் பிடிக்க எவர்சில்வர் தகட்டை ஆனோடாகப் போட்டால் இரும்பும் நிக்கலும் குரோமியமும் கரைந்து தொட்டிக்குள் இறங்கும். அவற்றைப் பட்டறையில் பிரித்தெடுக்க வழியில்லை. அந்தத் தொட்டி அத்துடன் முடிந்தது.

பூச்சு வரிசை

ரோடியம் ஒரு கீறலையும் மறைக்காது. அடியில் உள்ள பாலிஷ்தான் மேலே தெரியும். ஆகவே பஃப் வேலை முழுவதும் முடிந்த பிறகே தொட்டி.

பாலிஷ் மெழுகு போக 60 டிகிரியில் சோப்புக் கரைசலோடு அல்ட்ராசோனிக், பிறகு ஸ்டீம். அடுத்து காரக் கரைசலில் மின்சுத்தம், 6 வோல்ட்டில் 30 முதல் 60 விநாடி. டிஐ வாட்டரில் அலசல். 5 முதல் 10 சதவீதக் கந்தக அமிலத்தில் 10 விநாடி முக்கி, மறுபடி அலசல். இந்த இடத்தில் நகையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக முழுப் பரப்பிலும் நின்றால் சுத்தம் சரி. எங்காவது ஒதுங்கித் துளித்துளியாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்ப மின்சுத்தத்துக்குப் போக வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு உரிதல் புகார்கள் இந்தப் பத்து விநாடிப் பார்வையைத் தவிர்த்ததால் வருபவை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ரோடியம் தொட்டி 40 டிகிரி பக்கம், 3 முதல் 4 வோல்ட், 30 முதல் 60 விநாடி. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகையை இறக்க வேண்டும், குறிப்பாக வெள்ளியையும் நிக்கல் பூசியதையும். இல்லாவிட்டால் பூச்சு தொடங்கும் முன் அமிலம் அவற்றைக் கரைத்துத் தொட்டியில் சேர்த்துவிடும். மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். இந்த நேரத்தில் பொதுவாக 0.05 முதல் 0.1 மைக்ரான் ஏறும். காதணிக்கு இது தாராளம். மோதிரத்துக்கு இன்னொரு நிமிடம் கூட்டலாம். அழகுக்கான தொட்டியில் அரை மைக்ரானைத் தாண்ட முயன்றால் பூச்சுக்குள் இறுக்கம் ஏறி நுண்ணிய வெடிப்பு விழும்.

வெள்ளியில் நேரடியாகப் போட்டால் முதல் வாரம் அழகாக இருக்கும். 0.1 மைக்ரான் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. கந்தகம் அதன் வழியே இறங்கி அடியில் வெள்ளி கறுக்கும், பூச்சுக்கு மேல் பழுப்புப் புள்ளிகள் எழும். இடையில் பல்லேடியம் அல்லது நிக்கல் அடுக்கு வேண்டும். நிக்கல் மலிவு, ஆனால் தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, ஐரோப்பாவுக்குப் போகும் நகையில் நிக்கல் வெளியேற்ற வரம்பும் உண்டு. தோலைத் தொடும் நகைக்குப் பல்லேடியமே எங்கள் பரிந்துரை.

சேலம் கொலுசு போன்ற சங்கிலி வேலையில் கணக்கைக் கவனியுங்கள். ரோடியத்தின் அடர்த்தி 12.4. 1 சதுர டெசிமீட்டர் (100 சதுர சென்டிமீட்டர்) பரப்பில் 0.1 மைக்ரான் ஏற 12.4 மில்லிகிராம் வேண்டும். கண்ணி கண்ணியாக எல்லாப் பக்கமும் சேர்த்தால் ஒரு ஜோடியின் பரப்பு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு. மோதிரத்துக்கு வாங்கும் கூலியைக் கொலுசுக்கும் வாங்கினால் நஷ்டம் நிச்சயம்.

கெட்டுப்போகும்போது

ஓரங்களில் கருகிச் சாம்பல் நிறமானால் வோல்ட் அதிகம், அல்லது தொட்டியில் உலோகம் குறைந்துவிட்டது. வோல்ட்டைக் குறைத்துப் பார்த்து, அப்போதும் கருகினால் இரண்டாவது காரணம். குழிகளிலும் கல் பிடிக்கு உள்ளேயும் மஞ்சள் தெரிந்தால் நேரம் போதவில்லை, அல்லது தொட்டி ஆறிவிட்டது. முழுப் பரப்பிலும் வெண்மை மங்கிப் புகைபடிந்தாற்போல இருந்தால் கரிமக் கறை, அதாவது பாலிஷ் மெழுகு, அரக்கு, கைரேகை எண்ணெய். இதற்கு மட்டும் வைத்தியம் உண்டு: அமிலத்தில் கழுவிய தூய ஆக்டிவேட்டட் கார்பன் லிட்டருக்கு 2 முதல் 5 கிராம், ஆறிய கரைசலில் ஒரு மணி நேரம் கலக்கி, நன்றாக வடிகட்ட வேண்டும். வடிகட்டிய கார்பனிலும் கொஞ்சம் ரோடியம் இருக்கும், அதை எறியாதீர்கள்.

செம்பு, இரும்பு, நிக்கல் கலந்து கறுத்த தொட்டிக்கு வைத்தியமில்லை. அதனால்தான் தொட்டிக்குள் விழுந்த நகையை அந்த நிமிடமே பிளாஸ்டிக் இடுக்கியால் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க அடியில் கிடந்த ஒரு பித்தளைத் திருகு ஒரு லிட்டரை வீணாக்கப் போதும்.

தவறிப்போன பூச்சை அமிலத்தால் எடுக்கவும் முடியாது, கட்டியான ரோடியத்தை ராஜதிராவகமும் தொடாது. பஃப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், கூடவே தங்கமும் தேயும். ரோடியம் போட்ட நகையில் பின்னர் பற்றுவைப்பு வேலை வந்தால் முதலில் அந்த இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அதன் மேல் பற்று ஓடாது, சூட்டில் நிறமும் மாறிவிடும்.

கல் வைத்த நகையில் இன்னும் கவனம். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சேர்மங்கள், அமிலத்தில் கரையும். அவற்றைக் கழற்றாமல் தொட்டியைக் காட்டக்கூடாது. மரகதத்தின் எண்ணெய் அல்ட்ராசோனிக்கிலும் ஸ்டீமிலும் வெளியேறும், வெடிப்புகள் பளிச்சென்று தெரியும். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை அமிலம் அரிக்கும். அரக்கு நிரப்பிய நகையில் காரக் கரைசல் அரக்கைக் கரைத்து, அது சந்து வழியே கசிந்து தொட்டிவரை வரும். இவற்றுக்கெல்லாம் பேனா முறைதான், அதாவது கரைசலில் நனைத்த பஞ்சு முனையால் வேண்டிய இடத்தில் மட்டும் பூசுவதுதான் வழி.

அலசும் தண்ணீரில் போகும் சேதாரம்

தங்கத்தில் தூசிவரை கூட்டி எடுக்கும் பட்டறைகள் ரோடியத்தில் கழுவுநீரைச் சாக்கடைக்கு விடுவது வருத்தமான விஷயம். கணக்கு இதோ. 2 கிராம் தொட்டியில் ஒரு மி.லி.யில் 2 மில்லிகிராம் ரோடியம். 1 சதுர டெசிமீட்டர் நகையை எடுக்கும்போது 2 முதல் 3 மி.லி. ஒட்டிக்கொண்டு வந்தால் 4 முதல் 6 மில்லிகிராம் வெளியே போகிறது. அந்த நகையில் பூச்சாக ஏறியது 12 மில்லிகிராம். அதாவது ஏறியதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அலசலில் போகிறது.

தீர்வு எளிது. தொட்டிக்குப் பக்கத்தில் அரை லிட்டர் டிஐ வாட்டர் வைத்து, எடுத்த நகையைத் தொட்டிக்கு மேலேயே 5 விநாடி வடியவிட்டு, முதல் அலசலை அந்தப் பாத்திரத்தில் மட்டும் செய்யுங்கள். 40 டிகிரியில் தொட்டி தினமும் ஆவியாகி இறங்கும். அந்த இடத்தை இந்த முதல் அலசல் நீரால் நிரப்பினால் உலோகம் தானாகத் திரும்பிவிடும். இரண்டாவது, மூன்றாவது அலசல் நீரைத் தனிக் கேனில் சேர்த்து வையுங்கள்.

பாதுகாப்பு

முதலில் சயனைடு. தங்க முலாம் தொட்டி பெரும்பாலும் சயனைடு, ரோடியம் தொட்டி அமிலம். இரண்டும் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, அது ஆளைக் கொல்லும். அதன் வாசனை எல்லோர் மூக்குக்கும் தெரிவதும் இல்லை. இரண்டு தொட்டிகளையும் ஒரே மேசையில், ஒரே தட்டில், ஒரே புகைக்கூண்டின் கீழ் வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அலசல் பாத்திரமோ, ஒரே கழிவுக் கேனோ கூடவே கூடாது. சயனைடு தொட்டியிலிருந்து வந்த இரட்டை நிற நகையை இரண்டு மூன்று முறை ஓடும் நீரில் அலசி, டிஐ வாட்டரில் அலசிய பிறகே அமிலம் காட்ட வேண்டும். கேன்களுக்கு வெவ்வேறு நிற மூடி போடுங்கள், படிக்கத் தெரியாத உதவியாளருக்கும் புரியும்.

அடுத்தது மூச்சு. பூச்சு ஓடும்போது எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் அமிலத்தையும் ரோடியம் உப்பையும் நுண்துளிகளாகக் காற்றில் ஏற்றும். கரையும் ரோடியம் சேர்மங்களுக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.001 மில்லிகிராம். கரையாத சேர்மங்களுக்கு அதைப் போல 100 மடங்கு, 0.1 மில்லிகிராம். கரையும் உப்பை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி. தொட்டியின் உதட்டோரம் உறிஞ்சும் விசிறி வேண்டும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் அந்தத் துளிகளை முகத்துக்குத்தான் கொண்டு வரும்.

நைட்ரைல் கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, ரப்பர் முன்கட்டு. ரோடியம் சல்பேட்டைத் தொடர்ந்து கையாளும் பொற்கொல்லர்களுக்குத் தோல் ஒவ்வாமை வந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. கையில் அரிப்பு, தடிப்பு வந்தால் கையுறையின் குற்றம் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் இந்த உப்பின் பெயரைச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீர், பிறகு மருத்துவமனை. சிந்தினால் முதலில் டிஷ்யூவில் ஒற்றி அந்த டிஷ்யூவைப் பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள், அதில் இருப்பது உலோகம். மிஞ்சிய ஈரத்துக்கு மட்டும் சமையல் சோடா.

பாட்டிலை வெயில் படாத இடத்தில், அறை வெப்பத்தில், சிந்தினால் ஏந்தும் தட்டுக்குள் வையுங்கள். பூட்டிய அலமாரி நல்லது, விலைக்காகவும் பிள்ளைகளுக்காகவும்.

கறுப்பு ரோடியமும் பேனாவும்

கறுப்பு ரோடியம் தனிக் கரைசல், நிறத்துக்காகச் சேர்மங்கள் கலந்தது. நிறம் வோல்ட்டையும் நேரத்தையும் பொறுத்து ஓடும், ஒரு ஜோடித் தோட்டில்கூட இரண்டும் ஒன்றாக வர அனுபவம் வேண்டும். உராய்வுக்கு வெள்ளை அளவு தாங்காது. தனி ஆனோடு, தனி அலசல், தனிக் கம்பி இல்லாமல் அதைப் பட்டறைக்குள் விடாதீர்கள், சிறு அளவு கலந்தாலும் வெள்ளைத் தொட்டி கறுக்கும். பேனா முறைக்கு 100 மி.லி.யில் 2 கிராம் என்ற செறிவிலேயே நேராகப் பயன்படுத்தும் கரைசல் தனியாக வருகிறது. முனைப் பஞ்சு காயவிடக்கூடாது, வேலை முடிந்ததும் அந்தப் பஞ்சையும் டப்பாவில் சேர்க்க வேண்டும்.

தொட்டியை எப்போது மாற்றுவது

லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே இறங்கினால் வெண்மை போய்விடும், கருகல் எளிதாக வரும். 2 கிராமில் தொடங்கி 1 கிராமில் நிறுத்தினால், 0.1 மைக்ரான் கணக்கில் 80 சதுர டெசிமீட்டர், அலசல் சேதாரம் போக நடைமுறையில் 60 பக்கம். 8 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மோதிரமாகப் பார்த்தால் சுமார் 750. ஒவ்வொரு நாளும் எத்தனை நகை, எவ்வளவு நிமிடம், எத்தனை ஆம்பியர் என்று ஒரு நோட்டில் எழுதினால், ஆய்வகம் இல்லாமலே தொட்டியின் நிலை ஓரளவு தெரியும். தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபயரில் ஆம்பியர்-நிமிட மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பழைய தொட்டியில் புதுக் கரைசல் ஊற்றித் தூக்கி நிறுத்துவதை ஒருமுறை செய்யலாம். அதற்கு மேல் கறைகளும் கூடவே சேரும்.

தீர்ந்த தொட்டியிலும் இன்னும் ஒரு கிராம் ரோடியம் இருக்கிறது. துத்தநாகத் தூள் போட்டு அதைக் கறுப்புத் தூளாக வீழ்த்தலாம் என்பது உண்மை. ஆனால் நிறைய ஹைட்ரஜன் வெளிவரும், விழும் நுண்தூளும் ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் தானாகத் தீப்பற்ற வாய்ப்புண்டு, ஸ்பிரிட் பட்டால் இன்னும் மோசம். பட்டறையில் இதைச் செய்யாமல், கரைசலாகவே, அலசல் கேன்களோடும் டிஷ்யூ டப்பாவோடும் சேர்த்துச் சுத்திகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் நன்றாகக் கலக்கி, 50 மி.லி. வீதம் மூன்று பாட்டிலில் எடுத்து, இருதரப்பும் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது, கணக்கில் தகராறு வந்தால் வெளி ஆய்வகத்துக்கு.